கோம்பை நாயும் மாத்திரை அட்டையும்

உத்தமபாளையம் வட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை, ஒரு நாய் இனத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர். செம்பழுப்பு உடலும் கருத்த வாயும் கொண்ட அந்த நாயைப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தார்கள். எளிய வீடுகளில் குடும்பத்துக்கு வைத்த உலையில் வெந்ததுதான் நாய்க்கும். கம்பங்கூழ் என்றால் கூழ், சோளச்சோறு என்றால் சோளச்சோறு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் பெருகியபோது, வீட்டாரின் தட்டோடு நாயின் தட்டும் மாறியது. நமக்கு ஆவது நாய்க்கும் ஆகும் என்ற நம்பிக்கை இப்படி வேர்விட்டது. கூழுக்கும் சோற்றுக்கும் அது பொருந்தியது. சத்து மாத்திரைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியலே சாட்சி சொல்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைட்டமின்களை நமக்குக் காட்டிக்கொடுத்ததில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எட்வர்ட் மெல்லன்பி 1919 வாக்கில் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சியையே முதன்மை உணவாகக் கொடுத்து எலும்பு வளையும் நோயை வரவழைத்தார். மீன் எண்ணெய் அதைத் தடுத்தது. வைட்டமின் டி கண்டறியப்பட்டது அந்த வழியில்தான். 1937இல் கான்ராட் எல்வெஜெம் நாய்களின் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்தினார். மனிதரின் பெல்லக்ரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் சக ஆய்வாளரும், சோளத்தையே உண்ட நாய்களுக்குக் கருநாக்கு வருவதை 1965இல் காட்டினார்கள்.

ஆனால் இந்த ஆய்வுகள் சொல்வது, இரு உடல்களுக்கும் சில சத்துகள் தேவை என்பதை மட்டும்தான். எவ்வளவு தேவை, எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. வைட்டமின் சியை நாயின் ஈரலே செய்துகொள்ளும், நம்மால் முடியாது. நமக்கு வெயில் தரும் வைட்டமின் டி நாய்க்கு உணவில்தான் கிடைக்க வேண்டும், அதுவும் சிறிதளவே. வாரம் ஒன்று என நமக்கு எழுதித்தரும் 60,000 அலகு மாத்திரை ஒன்றே, 15 கிலோ நாய்க்கு நஞ்சின் வாசலைத் தொடும் அளவு. அட்டையையே கடித்துத் தின்றால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். இதே வைட்டமினை எலி மருந்தாக விற்கும் நாடுகளும் உண்டு. சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பத்தை விழுங்கிய 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் சேரும். 20ஐத் தாண்டினாலே வயிறும் குடலும் பாதிக்கப்படலாம். நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைகூட நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

மிஞ்சிய சத்து சிறுநீரில் போய்விடும் என்பார்கள். பி, சி வகைகளுக்கு அது பெருமளவு சரி. டி, ஏ, இரும்பு அப்படிப் போகாது. நாட்டு நாய் எதையும் தாங்கும் என்பது இன்னொரு வாதம். கோம்பையின் உரம் ஓட்டத்துக்கும் துணிவுக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வந்தது. மாத்திரையை முறிக்கும் ஈரலை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. தின்ற அன்று நாய் நன்றாகவே ஓடியாடும் என்பதும் சான்றாகாது. வைட்டமின் டியின் கேடு ஓரிரு நாள் கழித்தே தெரியலாம். இரும்பு நஞ்சில் நடுவே தேறியதுபோல் ஒரு தோற்றம் வந்து, பிறகு ஈரல் கெடும். அதனால் அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. கிழிந்த அட்டையை எடுத்து, எத்தனை குறைகிறது என்று எண்ணி, நாயின் எடையையும் தின்ற நேரத்தையும் சொல்லி, அப்போதே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது பழைய கைவைத்தியம். அந்த உப்பே இன்னொரு நஞ்சாகலாம். கூழைப் பங்கிட்ட பாசம் குறைய வேண்டியதில்லை. அதே பாசம்தான் இன்று மாத்திரை அட்டையை நாய்க்கு எட்டாத பரணில் ஏற்றிவைக்க வேண்டும்.