படக்கதையும் வகுப்பறையும்: ஒரு வழக்கின் வரலாறு

ஒரு கருவி வகுப்பறையுள் புகுவதும் அதனின்று நீக்கப்பெறுவதும் அதன் பயனை மட்டும் பொறுத்தன அல்ல. காலத்தின் அச்சமும் அவற்றை உறுதி செய்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படக்கதைக்கு நேர்ந்த நிலை இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1940 மே திங்களில் ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ நாளிதழில் ஸ்டெர்லிங் நார்த் என்பார் படக்கதை ஏடுகள் நாட்டிற்கே இழுக்கு எனக் கடிந்தெழுதினார். அக்கண்டனத்தை அடுத்து, படக்கதையைக் கொண்டே அதன் குறையை நீக்கும் முயற்சிகள் தோன்றின. பெற்றோர்க்கென இதழ் நடத்திய நிறுவனத்தார் 1941இல் ‘ட்ரூ காமிக்ஸ்’ என்னும் ஏட்டினைத் தொடங்கி, உண்மை வரலாறுகளைப் படங்களாக்கி வழங்கினர். அவ்வாண்டிலேயே ‘கிளாசிக் காமிக்ஸ்’ வரிசை தோன்றிப் புகழ்பெற்ற புதினங்களைப் படக்கதைகளாக்கியது. 1942இல் எம். சி. கெயின்ஸ் விவிலியக் கதைகளைப் படக்கதைகளாக வெளியிட்டார். பின்னர் அவர் நிறுவிய பதிப்பகத்திற்குக் ‘கல்விப் படக்கதைகள்’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார்.

கல்வியாளரும் இதனைப் புறக்கணித்தாரல்லர். நியூயார்க்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்வி சோர்பா, ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் சோஷியாலஜி’ என்னும் ஆய்விதழின் 1944 டிசம்பர்ப் பகுதியைப் படக்கதை ஆய்வுக்கே ஒதுக்கினார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துச் சோன்ஸ் அதன்கண் படக்கதையைக் கற்பிக்கும் முறையோடு இயைத்து ஆராய்ந்தார். எழுதியோருள் சிலர் பதிப்பகங்களுக்கு அறிவுரையாளராகவும் இருந்தனர் என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று. ஆயின் பதிப்பகத்தாரோடு தொடர்பிலாத படைத்துறையும் இவ்வழியை நாடிற்று. பொறிகளைப் பேணும் முறையைப் போர்வீரர்க்குக் கற்பிக்க, வில் ஐஸ்னரின் படக்கதைகளைக் கொண்ட ‘பி. எஸ்.’ என்னும் இதழை அது 1951 முதல் வெளியிட்டது.

இதற்கிடையில் காற்று திசைமாறியது. 1947இல் கெயின்ஸ் மறைந்தபின், அவர்தம் மைந்தர் பதிப்பகப் பெயரிலிருந்த ‘கல்வி’யை நீக்கி ‘பொழுதுபோக்கு’ என்பதனை அமைத்தார். அச்சமூட்டும் கதைகள் பெருகின. 1948இல் சில ஊர்களில் படக்கதை ஏடுகள் தீயிலிடப்பெற்றன. ஹார்லெம் பகுதியில் ஏழையர்க்கு உளமருத்துவம் புரிந்து நற்பெயர் பெற்றிருந்த பிரெடரிக் வெர்த்தம், படக்கதைகளே சிறாரைக் குற்றத்திற்கு ஈர்க்கின்றன என்று 1954இல் நூலெழுதினார். அவ்வாண்டிலேயே ஆட்சிமன்றத்து மேலவையின் துணைக்குழு இதனை ஆராய்ந்தது. பதிப்பகத்தாரும் தமக்குத் தாமே கடுந்தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். தீயனவற்றின்மேல் எழுந்த பழி நல்லனவற்றின்மேலும் படிந்தது.

வெர்த்தத்தின் ஆய்வுக் குறிப்புகள் 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆய்வாளர் பார்வைக்குத் திறக்கப்பெற்றன. கேரல் டில்லி என்னும் அறிஞர் அவற்றை அச்சிட்ட நூலோடு ஒப்பிட்டு, 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சிறார் பலரின் கூற்றுகள் ஒருவர் கூற்றாக இணைக்கப்பெற்றிருந்தன, சொற்கள் மாற்றப்பெற்றிருந்தன, வேறு காரணங்கள் விடுபட்டிருந்தன. சுவடியையும் பதிப்பையும் ஒப்புநோக்கும் பழக்கமுடைய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மூலத்தைக் காணாது பதிப்பை மட்டும் நம்பிய தீர்ப்பு அறுபதாண்டுகளுக்கு அண்மையாக நின்று நிலவியது.

இதனால் படக்கதை யாவும் நன்று என்பது பெறப்படாது. அச்சமூட்டும் ஏடுகளைச் சிறார் கையிற் கண்டு பெற்றோர் கவன்றது இயல்பே. ஆயின் ஒரு வடிவத்தின் தகுதியை அதன் இழிந்த படைப்புகளைக் கொண்டு அளத்தல் முறையன்று. யூதர் பேரழிவை வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அந்நூலையே 2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்து மக்மின் மாவட்டக் கல்விக்குழு எட்டாம் வகுப்புப் பாடத்தினின்று நீக்கியது. கடுஞ்சொற்களும் ஆடையற்ற ஓர் உருவமும் அதற்குக் கூறப்பெற்ற காரணங்களுள் அடங்கும். வழக்கு இன்னும் முடிந்திலது. அதனைத் தீர்க்க விழைவோர் முதற்கண் நாடவேண்டியது, படத்தின்வழிக் கற்ற மாணவன் எதனை உணர்ந்தான் என்பதற்கான திரிபற்ற சான்றினையே ஆகும்.