பழைய பிராண்டட் கணினியில் ரேம் கூட்டுதல்

டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் தாமே முழுதாகக் கட்டி விற்ற மேசைக் கணினியில், வாங்கும்போது இருந்ததைவிடக் கூடுதலாக முதன்மை நினைவகத்தை, அதாவது ரேமைப் பொருத்துவது, பழைய கணினிகளுக்குச் செய்யப்படும் மராமத்துகளில் மிகப் பரவலான ஒன்று. பிராண்டட் கணினிக்குள் பெரும்பாலான பாகங்கள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவில் இருக்கும். மதர்போர்டு வேறு கேபினட்டில் உட்காராது; எஸ்எம்பிஎஸ் பெட்டியும் பல மாடல்களில் தனி வடிவம். ரேம் மட்டும் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வகுத்த பொது அளவைப் பின்பற்றுகிறது. எனவே தலைமுறை ஒத்திருந்தால், யார் தயாரித்த ரேமும் எந்தப் பிராண்டின் ஸ்லாட்டிலும் உட்காரும். ஆனால் உட்கார்ந்த ரேம் எல்லாம் வேலை செய்துவிடுவதில்லை.

அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளும் அவற்றிலிருந்து கழற்றிய ரேமும் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. டிடிஆர்2, டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேமைத் தேடுபவர் பெரும்பாலும் இந்தக் கழற்றிய சரக்கையே நம்ப வேண்டியிருக்கிறது.

தலைமுறைகள்

2000ஆம் ஆண்டுவாக்கில் வந்த டிடிஆர் 184 பின்களுடன் 2.5 வோல்ட்டில் இயங்கியது. 2003இல் டிடிஆர்2 வந்தது: 240 பின், 1.8 வோல்ட். 2007இல் டிடிஆர்3: அதே 240 பின், 1.5 வோல்ட். 2014இல் வந்த டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்றே என்றாலும் அடிவிளிம்பில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் இறக்க முடியாது. இறங்கவில்லையே என்று மேலும் அழுத்துகிறவர்கள்தான் ஸ்லாட்டை உடைக்கிறார்கள்.

லேபிளில் வேகத்தை இரண்டு விதமாகக் குறிப்பார்கள். டிடிஆர்3-1333 என்பதும் பிசி3-10600 என்பதும் ஒரே ரேம்தான். முதலாவது நொடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம் என்ற கணக்கு. இரண்டாவது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. பொதுவாக, வேகம் கூடிய ரேமைப் போட்டால் அது போர்டின் வேகத்துக்கு இறங்கி வந்துவிடும். வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும்.

உச்சவரம்பு

ஒரு கணினி எவ்வளவு ரேமை ஏற்கும் என்பதை ஸ்லாட்டுகளை எண்ணிச் சொல்லிவிட முடியாது. நினைவகக் கட்டுப்படுத்திதான் வரம்பை வகுக்கிறது. ஏஎம்டி அதை 2003இல் ஆத்லான் 64 ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இன்டெல் 2008இல், நெஹாலெம் வரிசையில்தான் அதைச் செய்தது. அதற்கு முந்தைய பென்டியம், கோர் 2 டுவோ கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிப்செட்டின் நார்த்பிரிட்ஜ் சிப்பின் சொல்லே சட்டம்.

அந்தச் சட்டம் சில நேரம் விசித்திரமாகவும் இருந்திருக்கிறது. 1997இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் 256 மெகாபைட் வரை ரேமை ஏற்றது. ஆனால் இரண்டாம் நிலை கேஷ் முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே பயன்பட்டது. அக்கால விண்டோஸோ நினைவகத்தை மேல்முனையிலிருந்து எடுத்துப் புழங்கியது. ஆகவே ஆசையாக 128 மெகாபைட் போட்டவரின் கணினி, பல வேலைகளில் முன்னைவிட மெதுவாக ஓடியது.

இன்றும் புழக்கத்தில் உள்ள மாடல்களில் நல்ல எடுத்துக்காட்டு டெல் ஆப்டிபிளெக்ஸ் 780. இன்டெல் கியூ45 சிப்செட், நான்கு டிடிஆர்3 ஸ்லாட், 1066 வேகம், உச்சமாக 16 ஜிபி. கணக்குப்படி நான்கு 4 ஜிபி ரேம்கள் போதும். சிக்கல், 4 ஜிபி ரேமிலேயே இரண்டு ரகம் இருப்பதில் வருகிறது. பழைய ரகத்தில் இரண்டு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு சிப்கள். ஒவ்வொன்றும் 2 கிகாபிட். பின்னால் வந்த ரகத்தில் எட்டே சிப்கள். ஒவ்வொன்றும் 4 கிகாபிட். கியூ45க்கு 4 கிகாபிட் சிப்பைக் கையாளத் தெரியாது. எட்டு சிப் ரேமைப் போட்டால் கணினி எழுந்திருக்காது, அல்லது கொள்ளளவைக் குறைத்துக் காட்டும். அதே காலத்து ஜி41 போர்டுகளின் கதையும் இதுதான். கடைக்காரரிடம் "4 ஜிபி டிடிஆர்3" என்று மட்டும் கேட்டால் போதாது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிப்களை எண்ண வேண்டும்.

எதிர்த்திசையிலும் வேறுபாடு உண்டு. ஆப்டிபிளெக்ஸ் 790இன் கையேடு 16 ஜிபி என்கிறது. அதிலுள்ள இரண்டாம் தலைமுறை கோர் ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் வரம்பு 32 ஜிபி. கையேடு 4 ஜிபி ரேம்களை வைத்துக் கணக்குப் போட்டது. பிறகு வந்த 8 ஜிபி ரேம்கள் நான்கையும் அந்தக் கணினி ஏற்கிறது. கையேட்டைவிடச் சிப்செட், ப்ராசஸர் ஆவணங்களை நம்புவது நல்லது. கூடவே பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்வதும் பல மாடல்களில் உதவும்.

பொருந்தியும் ஓடாதவை

சர்வர்களிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கும். பின்னும் வெட்டும் சாதாரண டிடிஆர்3 போலவே இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். மேசைக் கணினியில் ஓடாது. லேபிளில் பிசி3-10600ஐ அடுத்து 'ஆர்' இருந்தால் அதைத் தொடாமல் வைத்துவிடலாம். டிடிஆர்2விலும் ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும் 4 ஜிபி ரேம்கள் விற்கின்றன. விலையில் தெரியும் பெரிய வித்தியாசமே எச்சரிக்கை. பென்டியம் 4இன் தொடக்க காலத்து டெல் டைமென்ஷன் 8100 போன்றவை ஆர்டிரேம் என்ற தனி ரகத்தைக் கேட்டன. அதை ஜோடியாகத்தான் போட வேண்டும். காலி ஸ்லாட்டிலும் சிப் இல்லாத ஒரு வெற்றுப் பலகையைச் செருக வேண்டும். அந்தக் கணினிக்கு இனிச் செலவழிப்பது அருங்காட்சியக ஆர்வத்தில் சேரும்.

இயங்குதளத்தின் வரம்பு

32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. அந்த 4 ஜிபியிலும் கிராஃபிக்ஸ் முதலிய சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கியது போக, மூன்று சொச்சம்தான் கைக்கு வரும். ரேம் பழுது என்று பலர் திருப்பிக் கொண்டுபோவது இதைப் பார்த்துத்தான். 64 பிட்டிலும் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியிலும் ஹோம் பிரீமியம் 16 ஜிபியிலும் நின்றுவிடும்.

பொருத்தும் முறை

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரமும் இறங்கும். ஆப்டிபிளெக்ஸ் 780க்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். தாழ்ப்பாளை இழுத்தால் மூடி கழன்று வரும். ஸ்லாட்டின் இரண்டு முனைக் கொக்கிகளையும் விரித்து, வெட்டை நேர்பார்த்து, இரண்டு பெருவிரலாலும் ஒரேசீராக அழுத்த, கொக்கிகள் 'டிக்' என்று தாமே மூடிக்கொள்ளும். பழைய போர்டில் இந்த அழுத்தம் பயப்படும் அளவுக்கு இருக்கும், அது இயல்புதான். ஒரே அளவுள்ள இரண்டை உரிய ஜோடி ஸ்லாட்டுகளில் போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

முதல்முறை ஆன் செய்யும்போது, நினைவகத்தின் அளவு மாறிவிட்டது என்று டெல் கணினி ஒரு செய்தி காட்டும். எஃப்1 அழுத்தினால் போதும். பழைய எச்பி அலுவலகக் கணினி ஐந்து முறை பீப் அடித்துச் சிவப்பு விளக்கை மினுக்கினால் ரேமில் கோளாறு. அப்போது மெக்கானிக்குகள் முதலில் எடுப்பது பென்சில் ரப்பர். கருத்துப்போன பின்களை மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, திரும்பச் செருகினால் பல சமயம் அதுவே சரியாகிவிடும். செகண்ட் ஹேண்ட் ரேமை மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை நிரல் கொண்டு ஓர் இரவு முழுக்கச் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

பலன்

ரேம் நிரம்பியதும் இயங்குதளம் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதிவைத்துப் புழங்குகிறது. ரேமிலிருந்து தகவல் வர நானோ நொடிகள். சுழலும் டிஸ்க்கிலிருந்து வர மில்லி நொடிகள். பிரவுசரில் நான்கு தாவல் திறந்ததும் கணினி திணறுவதன் காரணம் இதுவே. 2 ஜிபியை 4 ஆக்கினாலும் 4ஐ 8 ஆக்கினாலும் வித்தியாசம் உடனே தெரியும். கோர் 2 டுவோ கணினியில் 8ஐ 16 ஆக்கினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதே லாபம். டாஸ்க் மேனேஜரில் ரேம் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கிறது என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும் என்கிறது. அந்த நிபந்தனைகளைத் தந்திரமாகத் தாண்டி நிறுவினாலும், 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத ப்ராசஸரில் தொடங்கவே தொடங்காது. கோர் 2 வரிசையில் அது கிடையாது. ஆகவே 16 ஜிபி நிரப்பிய ஆப்டிபிளெக்ஸ் 780க்கு மிஞ்சியிருப்பது லினக்ஸ்தான். லினக்ஸ் மின்ட் பரிந்துரைப்பதோ 4 ஜிபி.