நாணயப் பொறியும் பெட்டிக்கடையும்: கொம்பனித்தெருவை முன்வைத்து ஒரு நோக்கு

ஆளின்றிப் பொருள் விற்கும் பொறி மேனாட்டார் அண்மைக்காலத்தே கண்ட புதுமை எனக் கருதுவோர் பலர். ஆயின், கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயில்களில் நீர் வழங்குவதற்கான பொறியொன்றை விவரித்துள்ளார். உள்ளே இட்ட நாணயம் ஒரு தட்டின்மேல் வீழும். அதன் பாரத்தால் நெம்புகோல் சரிந்து அடைப்புத் திறக்கும். நாணயம் வழுக்கி வீழ்ந்ததும் நீர் நின்றுவிடும். நாணயத்தின் நிறையைப் பொறி அறியும். அதனால் என்ன வாங்கலாம் என்பதை அறியாது. பின்வந்த நாணயப் பொறிகளின் வாழ்வும் தாழ்வும் இக்குறையோடு பிணைந்தவை எனலாம்.

1883இல் இலண்டனில் பேர்சிவல் எவரிற் தபாலட்டை விற்கும் பொறியை நிறுவினார். 1888இல் நியூயோர்க்கின் புகையிரத மேடைகளில் சுவிங்கம் விற்கும் பொறிகள் தோன்றின. சிறுமுதல் உடையவன் சில பொறிகளை வாங்கி, சனம் கூடும் இடங்களில் வாடகைக்கு வைத்து, இடையிடையே சென்று சரக்கை நிரப்பிக் காசை அள்ளிவரலாம் என்பதே இத்தொழிலின் கவர்ச்சி. அதற்கு இரண்டு வேண்டும். கடைச்சிப்பந்தியின் கூலி உயர்ந்திருத்தல் ஒன்று. நாணயத்தின் மதிப்பு நிலைத்திருத்தல் மற்றொன்று.

கொழும்பில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கவில்லை. இதனைக் கொம்பனித்தெருவிற் காண்பது பொருந்தும். 1866இல் தோன்றிய கொழும்பு ஐஸ் கொம்பனி, 1941இல் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. யானைச் சின்னம் பொறித்த அதன் சோடாவும் குளிர்பானமும் நெடுங்காலம் இப்பகுதியிலேயே உற்பத்தியாயின. குளிர்பானப் பொறிக்கு இதனினும் ஏற்ற இடம் வேறு எது? ஆயினும், மலாயரும் தமிழரும் சோனகரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகளில் அப்போத்தலைக் கொடுத்தவர் பெட்டிக்கடைக்காரரே. அவர் வெறும் போத்தலை மீளப் பெற்றார். சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்றார். சம்பள நாள் வரை கொப்பியில் கடன் எழுதினார். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது என்ற தீர்ப்பு அவருடையது. நாணயத் துவாரம் இத்தகைய தீர்ப்பை வழங்குவதில்லை. கடைக்காரரின் கணக்கில் அநீதியே இருந்ததில்லை என்பதன்று. விலையேறிய நாளில் அவர் வாயால் புது விலையைச் சொன்னார் என்பதே இங்கு முக்கியம்.

பொறியோ அவ்வாறு சொல்லாது. பழைய பொறிகளில், விலை மாறினால் நாணயத்தின் அளவுக்கமைந்த உறுப்பையே மாற்றவேண்டும். இச்சிக்கலுக்கு இந்தியாவில் ஒரு நல்ல தீர்வு கண்டனர். 1974இல் டில்லியில் தொடங்கிய மதர் டெய்ரி, பால் வழங்கும் பொறியில் நாணயத்துக்குப் பதிலாக வில்லையைப் பயன்படுத்திற்று. வில்லையின் விலையை உயர்த்தலாம், பொறியைத் தொடவேண்டியதில்லை. ஆனால் வில்லை விற்பதற்கு ஓர் ஆள் சாளரத்தருகே அமர்ந்திருந்தார்! ஆளை நீக்க வந்த பொறி ஆளையே துணைக்கு அழைத்த விந்தை இது.

இலங்கையில் இச்சிக்கலின் உச்சம் 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 வீதம் உயர்ந்தது. சில்லறையை நம்பிய எப்பொறிக்கும் இது தாங்கொணா அடி. இன்று தேநீரும் கோப்பியும் கலந்து தரும் பொறிகள் சிறு கடைகளில் உள்ளன. அவற்றுட் பலவற்றில் பொத்தானை அழுத்துபவரும் காசை வாங்குபவரும் கடைக்காரரே. பொறி அவரை அகற்றவில்லை; அவருக்கு ஒரு கருவியாயிற்று.

அவரை அகற்றவல்லது வேறு. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பின்னர் சுற்றுப்புறமெங்கும் உயர்மாடிகள் எழுந்தன. அட்டையாலும் கைத்தொலைபேசியாலும் பணம் பெறும் புதிய பொறிகளுக்கு விலைமாற்றம் ஒரு பொருட்டன்று. மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் அவற்றுக்கு ஏற்ற மூலைகளும் உண்டு. முன்னறையின் பலகையைத் திறந்து வீட்டையே கடையாக்கியவரின் நிலை வேறு. பத்தாம் மாடி வீட்டுக்குத் தெருவை நோக்கிய முன்னறை கிடையாது.