காட்டுத்தீயிலிருந்து மீளும் ஜாஸ்பர் மலை நகரம்: சுற்றுலா செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவின் ராக்கி மலைத்தொடரில் அமைந்துள்ள ஜாஸ்பர் நகரம், 2024 ஜூலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் தனது கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. சுற்றுலாவை நம்பி வாழும் இந்நகரம் பயணிகளை மீண்டும் வரவேற்கிறது. அதே வேளையில், அவர்களுக்குச் சேவை செய்யும் ஊழியர்களில் பலர் சொந்த வீட்டை இழந்தவர்கள். இத்தகைய நகரத்துக்குச் செல்வது சரியா, சென்றால் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

என்ன நடந்தது?

ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள ஜாஸ்பர், 1907-ல் உருவாக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் அமைந்த சிறு நகரம். சுமார் 5,000 பேர் இங்கு வசிக்கின்றனர். இந்தப் பூங்கா, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1984-ல் சேர்க்கப்பட்ட கனடிய ராக்கி மலைப் பூங்காக்களில் ஒன்றாகும்.

2024 ஜூலை 22-ம் தேதி இரவு வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. கோடை உச்சம் என்பதால் உள்ளூர் மக்களுடன் ஆயிரக்கணக்கான பயணிகளும் அங்கு இருந்தனர். சுமார் 25,000 பேர், மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குச் செல்லும் ஒரே நெடுஞ்சாலை வழியாக வெளியேறினர். ஜூலை 24-ம் தேதி மாலை பலத்த காற்றுடன் தீ நகருக்குள் நுழைந்தது.

நகரில் இருந்த 1,113 கட்டடங்களில் 358 அழிந்தன. மருத்துவமனை, பள்ளிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை காப்பாற்றப்பட்டன. பூங்காவில் சுமார் 33,000 ஹெக்டேர் காடு தீக்கு இரையானது. தீயணைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த இளம் வீரர் ஒருவர் மரம் முறிந்து விழுந்ததில் உயிரிழந்தார். ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் மக்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டனர்.

மிகுந்த வெப்பம், காய்ந்த காடு, பலத்த காற்று ஆகியவை தீயின் வேகத்தைக் கூட்டின. தீயை உடனுக்குடன் அணைத்துவந்த நீண்டகால வழக்கத்தால் காடு அடர்ந்திருந்ததும், பைன் மரங்களைத் துளைக்கும் வண்டுகளால் ஏராளமான மரங்கள் பட்டுப்போயிருந்ததும் நிலைமையை மோசமாக்கின.

செல்லலாமா, தவிர்க்க வேண்டுமா?

துயரத்தில் இருப்பவர்களுக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற எண்ணத்தில் பலர் பயணத்தையே கைவிடுவதுண்டு. எண்ணம் நல்லதே. ஆனால் உணவகம், தங்குவிடுதி, வழிகாட்டி நிறுவனம், சிறு கடை என ஜாஸ்பரின் வருவாயில் பெரும்பகுதி பயணிகளைச் சார்ந்தது. 2024-ல் முக்கியமான கோடைப் பருவத்தின் பெரும்பகுதியை நகரம் இழந்துவிட்டது. பயணிகள் தொடர்ந்து வராமல் போனால், வீட்டை இழந்தவர்கள் வேலையையும் இழக்க நேரிடும்.

பூங்கா முழுவதும் எரிந்துவிட்டதாகக் கருதுவதும் தவறு. பூங்காவின் பரப்பு சுமார் 11,000 சதுர கி.மீ. எரிந்தது அதில் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே. நகரிலிருந்து தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள கொலம்பியா பனிப்படலமும், மலீன் ஏரியும் தீயால் பாதிக்கப்படவில்லை.

வீட்டுப் பற்றாக்குறையே முக்கியச் சிக்கல்

தீயில் விடுதிகள் சில அழிந்தாலும் பெரும்பாலானவை தப்பின. இழப்பின் பெரும்பகுதி குடியிருப்புகளில் ஏற்பட்டது. இதனால் பயணிகளுக்கு அறை உண்டு, அந்த அறையைச் சுத்தம் செய்யும் ஊழியருக்கு வீடு இல்லை என்ற முரண்பாடான நிலை உருவானது.

தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நகரத்தின் எல்லையை விரும்பியபடி விரிவாக்க முடியாது. நிலம் அரசுக்குச் சொந்தமானது. வீட்டு உரிமையாளர்கள் அதை நீண்டகாலக் குத்தகையில் வைத்துள்ளனர். பூங்காவில் வேலை செய்பவர்கள், தொழில் நடத்துபவர்கள் உள்ளிட்ட குறிப்பிட்ட பிரிவினர் மட்டுமே இங்கு நிரந்தரமாகக் குடியிருக்கலாம். தற்காலிக வீடுகள் அமைக்கப்பட்டாலும், நகரம் முழுமையாக மீண்டெழப் பல ஆண்டுகள் ஆகும்.

எனவே, குடியிருப்பு வீடுகளை வாடகைக்கு எடுப்பதைத் தவிர்த்து, உரிமம் பெற்ற விடுதிகளையும் முகாம் தளங்களையும் தேர்வு செய்வது நல்லது. முன்பதிவு இன்றி வந்து அறை தேடுவதும், பதிவு செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்வதும் ஊருக்குச் சுமையாகும். ஒரு பகலில் வந்து படம் எடுத்துத் திரும்புவதைவிட, இரண்டு மூன்று நாள் தங்கி உள்ளூர்க் கடைகளில் உண்பதும் வாங்குவதும் அதிகப் பயன் தரும். ஆள் பற்றாக்குறையால் சேவையில் தாமதம் ஏற்பட்டால் பொறுமை காப்பதும் ஓர் உதவியே.

நகருக்குள் கவனிக்க வேண்டியவை

* எரிந்த வீட்டு மனைகள் காட்சிப் பொருள்கள் அல்ல. அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் இடம். அவற்றுக்குள் நுழைவதும், அங்கு நின்று தற்படம் எடுப்பதும் கூடாது.

* ஊழியர்களிடம் வீடு தப்பியதா என்று கேட்பதைத் தவிர்க்கலாம். ஒரே நாளில் பல முறை அக்கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தால், அதுவே வேதனையாகிவிடும். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்வது போதும்.

* கட்டுமானப் பணி நடக்கும் தெருக்களில் லாரிகளுக்கு வழிவிட்டு, அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் வாகனங்களை நிறுத்த வேண்டும்.

எரிந்த காட்டில் உள்ள ஆபத்துகள்

தீயில் கருகிய மரங்கள் பல ஆண்டுகள் நின்றபடியே இருக்கும். வேர் எரிந்துபோனதால் சிறு காற்றிலும் அவை முன்னறிவிப்பின்றிச் சாயக்கூடும். காற்று வீசும் நாள்களில் அப்பகுதிகளுக்குச் செல்லக் கூடாது. கருகிய மரங்களின் அடியில் உணவருந்துவதும் கூடாரம் அமைப்பதும் ஆபத்தானவை.

தரைக்கு அடியில் வேர் எரிந்த இடங்களில் மேற்பரப்பில் தெரியாத பள்ளங்கள் இருக்கலாம். மண்ணைப் பிடித்து வைக்கும் செடிகொடிகள் இல்லாததால், கனமழையின்போது மண்சரிவும் திடீர் வெள்ளமும் ஏற்படும் அபாயமும் அதிகம். ஆகவே மூடப்பட்ட பாதைகளில் நுழையாமல், புறப்படும் நாளில் பார்க்ஸ் கனடா அமைப்பின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பாதையை விட்டு விலகாதிருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. லாட்ஜ்போல் பைன் மரத்தின் கூம்புகள் பல பிசினால் மூடியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகி, கூம்பு திறந்து, விதைகள் சாம்பல் மண்ணில் விழுகின்றன. ஃபயர்வீட் என்ற செடியும் எரிந்த நிலத்தில் இளஞ்சிவப்புப் பூக்களுடன் முளைக்கிறது. இந்த இளஞ்செடிகள் மிதிபட்டால் காடு மீள்வது தாமதமாகும்.

தீக்குப் பிந்தைய பருவத்தில் மோரல் எனப்படும் காளான் எரிந்த காடுகளில் முளைப்பதுண்டு. ஆனால் தேசியப் பூங்காவில் காளான், பூ, கல் என எதையும் எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் குற்றம். எல்க் மான்களிடமிருந்து குறைந்தது 30 மீட்டரும், கரடி, ஓநாய் போன்றவற்றிடமிருந்து 100 மீட்டரும் விலகி நிற்க வேண்டும்.

அடுத்த தீக்கும் தயாராக இருத்தல்

2024-ல் வெளியேற்ற உத்தரவு இரவு நேரத்தில் வந்தது. திறந்திருந்த பாதையும் ஒன்றே. எனவே கோடையில் செல்வோர் வாகனத்தில் எப்போதும் பாதிக்கு மேல் எரிபொருள் வைத்திருப்பதும், கடவுச்சீட்டு, மருந்து ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருப்பதும் நல்லது. புகையால் பயணம் தடைபடும் வாய்ப்பு உள்ளதால், இயற்கைப் பேரிடரையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுக்கலாம். நெருப்பு மூட்டத் தடை உள்ள நாள்களில் முகாம் தளத்திலும் விறகு எரிக்கக் கூடாது.

இந்திய மலை நகரங்களுக்கும் பொருந்தும்

ஜாஸ்பரில் தீ பரவிய அதே 2024-ம் ஆண்டின் ஏப்ரலில், உத்தராகண்டின் நைனிடால் அருகே காட்டுத்தீ குடியிருப்புகளை நெருங்கியது. விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து நீரை எடுத்து ஊற்றித் தீயை அணைக்க உதவியது. ஜாஸ்பரைப் போலவே நைனிடாலின் வாழ்வாதாரமும் கோடைப் பயணிகளைச் சார்ந்ததே. மலைப்பாதையில் வீசப்படும் அணைக்காத பீடித் துண்டு ஒன்றே காய்ந்த பைன் சருகுகளைப் பற்றவைக்கப் போதுமானது.

தீ கண்ட மலை நகரம் எதுவாயினும், செல்வதற்கு முன் அங்குள்ள நிர்வாகம் பயணிகளை வரவேற்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வரவேற்றால் செல்லலாம். இன்னும் காலம் வேண்டும் என்று கூறினால், பயணத்தைத் தள்ளிவைத்து அடுத்த பருவத்தில் செல்வதே அந்த ஊருக்குச் செய்யும் உதவியாகும்.