கிருமி வந்த வழி: லயத்து மண்ணிலிருந்து பள்ளிக் குழாயடி வரை

"சாப்பிடுமுன் கையைக் கழுவு" என்பது நம் வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் கட்டளை. ஏன் கழுவ வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டால், "கையில் கிருமி இருக்கிறது" என்று விடை கூறி அமைகிறோம். அக்கிருமி எங்கிருந்து வந்தது, எவ்வழியே கைக்கு ஏறியது, கழுவத் தண்ணீர் இல்லாதவர் என்ன செய்வார் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவற்றுக்குரிய விடையில் ஒரு பாதி மருத்துவ நூல்களில் உள்ளது. மறுபாதி நம் மக்களின் வாழ்க்கை வரலாற்றில் உள்ளது.

அவ்வரலாற்றைக் காண ஈப்போவின் சிலிபின் பொருத்தமான இடம். லூர்து மாதா ஆலயத்தைச் சூழ்ந்து தமிழர் வாழ்ந்துவரும் பகுதி அது, அடுத்திருப்பது புந்தோங். இரயில்வே, பொதுப்பணி, நகரத் துப்புரவு ஆகியவற்றில் உழைத்துக் கிந்தா நகரங்களை உருவாக்கியவர்களுள் தமிழர்க்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர்ப்புறத்தை நாடின. இன்று இப்பகுதிப் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுள் லயத்தில் பிறந்த பாட்டன் பாட்டியரை உடையோர் பலர். ஆகவே தோட்டத்தின் நலவாழ்வு வரலாறு அவர்களுக்குக் குடும்ப வரலாறே ஆகும்.

சொல்லும் பொருளும்

முதலில் 'கிருமி' என்னும் சொல்லை நோக்குவோம். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த இச்சொல்லுக்குப் பழைய பொருள் புழு என்பதே. வைணவ மரபு ஒரு சோழ மன்னனைக் 'கிருமிகண்ட சோழன்' எனக் குறிக்கிறது. கழுத்தில் புண் புழுத்தவன் என்பது அப்பெயரின் கருத்து. ஆங்கே கிருமி கண்ணால் காணத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கியின் துணையால் நோய்தரும் நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்ட பின்னர், அதே சொல் கண்ணுக்குப் புலப்படாத உயிரையும் சுட்டலாயிற்று.

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணவர்களும் உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கினர். எனினும் அக்காலத்தில் கிருமிக் கொள்கை நிலைபெறவில்லை. பின்னர் அது வந்தபோது, தமிழ் பழைய சொல்லிலேயே புதிய பொருளை ஏற்றிக்கொண்டது. இதில் ஆசிரியர் கருதவேண்டிய இடர் ஒன்றுண்டு. கிருமி என்றவுடன் சிறுவன் நெளியும் புழுவை எண்ணுகிறான். தன் உள்ளங்கையில் அத்தகைய எதுவும் தென்படாமையால், கை தூய்மையாகவே இருக்கிறது என்று முடிவு செய்கிறான். காணாத ஒன்றை நம்பச் செய்வதே இப்பாடத்தின் முதற்பணி.

வியன்னாவில் கண்ட வழி

அப்பணி மருத்துவர்களிடமே எளிதில் நிறைவேறவில்லை. கிரீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847-இல், வியன்னாப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய மருத்துவரை ஒரு வேறுபாடு வாட்டியது. அங்கு மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார், மருத்துவச்சியர் பயின்ற பிரிவில் இறந்தோரைவிட மிகப் பலர். அவ்வாண்டு அவருடைய நண்பர் யாக்கோப் கொலெட்ஷ்கா, பிணக்கூறாய்வின்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் தோன்றிய மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் தோன்றுவனவற்றை ஒத்திருந்தன. மாணவர் பிணவறையிலிருந்து நேரே தாய்மாரிடம் வருகின்றனர். அவர்தம் கையே நோயின் வழி என்று செம்மல்வைஸ் உணர்ந்தார்.

மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூலையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஆயினும் மருத்துவ உலகில் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. தம் கையே நோய் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் அவர்களுக்கு அரிதாயிருந்தது. கையில் ஒட்டியிருந்தது யாது என்று காட்டும் அறிவியலும் அன்று இல்லை. அவர் 1865-இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார். வழியைக் கண்டறிவது ஒன்று, அதைப் பிறர் ஏற்கச் செய்வது மற்றொன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

லயத்தில் அடைபடாத வழி

இனி மலாயாவுக்கு வருவோம். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தனிமையில் வைக்கப்பட்டனர். கிருமி கப்பலில் வரும் என்பதை அரசு நன்கறிந்திருந்தது. ஆனால் தீவைக் கடந்து தோட்டத்துக்குச் சென்றோர் வாழ்ந்த இடமோ கிருமி பெருகுவதற்கு ஏற்றதாய் அமைந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். பல குடும்பங்களுக்குப் பொதுவான கிணறு அல்லது குழாய். கழிப்பிடம் இல்லாமை, அல்லது இருந்தும் போதாமை. ரப்பர் மரநிழலின் ஈரமண்ணே பலர்க்கும் கழிப்பிடமாயிற்று. அம்மண்ணில் வெறுங்காலோடு நடந்துதான் பால் வெட்ட வேண்டும்.

இச்சூழலில் கொக்கிப்புழு நோய் பரவியது. புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் சேர்கிறது, ஈரநிழலில் பொரிக்கிறது, இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. இவ்வழியைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர், இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகத் தம் கையில் சிந்தியதால் கண்டறிந்தார். குடலில் தங்கும் புழு குருதியை உறிஞ்சுவதால் சோகை உண்டாகும்; சோகையுற்றவர் விரைவில் களைத்துப் போவார். அமெரிக்காவில் செய்தித்தாள்கள் இப்புழுவைச் 'சோம்பலின் கிருமி' என்று எழுதின. மலாயாவிலும் தமிழ்த் தொழிலாளியைச் சோம்பேறி என இகழ்ந்த தோட்டத்துரைமார் உண்டு. குருதி குறைந்த உடலின் தளர்ச்சி குணக்கேடாகக் கருதப்பட்டது.

1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. புழுநீக்கும் மருந்து ஓரளவே துணைசெய்யும். கழிப்பிடம் இல்லாத லயத்தில், மருந்துண்டவர் மறுபடியும் அதே மண்ணில் நடந்து புழுவைப் பெறுவார். இங்கே கை கழுவும் அறிவுரை பயன்படாது; வழி காலில் இருக்கிறது. வயிற்றுக்கடுப்பு, குடற்காய்ச்சல், வாந்திபேதி ஆகியவற்றின் கிருமிகளோ மலத்திலிருந்து நீர், ஈ, விரல், உணவு ஆகியவற்றின் வழியாக வாயை அடைகின்றன. ஒரு நல்ல கழிப்பிடம் இவ்விரு வழிகளையும் தொடக்கத்திலேயே அடைத்துவிடும். கை கழுவுதல் இரண்டாம் வழியின் கடைசி வாயிலை மட்டுமே அடைக்கும். முதல் வாயிலை அடைக்கும் பொறுப்பு தோட்ட நிருவாகத்தினுடையது. கடைசி வாயிலை அடைப்பது தொழிலாளியின் கடமை. முதல் வாயிலைத் திறந்துவிட்டுக் கடைசி வாயிலைக் காவாதவரைப் பழித்ததே அக்கால நலவாழ்வுப் பேச்சின் பெருங்குறை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் விடுதலைக்குப் பின் 1966-இல் வந்தது; 1990-இல் அது விரிவாக்கப்பட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் தூய்மைப் பாடம் படித்துவிட்டு, பொதுக்குழாயின் முன் குடத்தோடு காத்திருந்தனர்.

கிந்தா தரும் இரு பாடங்கள்

வழி அறியாமல் காவல் செய்தால் யாது விளையும் என்பதை ஈப்போவைச் சூழ்ந்த நிலமே காட்டியிருக்கிறது. 1998-இன் இறுதியில் இவ்வட்டாரத்துப் பன்றிப்பண்ணைகளில் பணியாற்றியோரை மூளைக்காய்ச்சல் தாக்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதிக் கொசுமருந்து தெளித்தனர், தடுப்பூசி இட்டனர், நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் புதிய தீநுண்மியை இனங்கண்டார், அதுவே நிப்பா. நோயுற்ற பன்றிகளை நெருங்கித் தொட்டுப் பழகுவதே வழி என்பது தெளிந்தது. அந்நோய்ப் பரவலில் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர்.

மற்றொரு பாடம், 1937-இல் சீனாவிலிருந்து திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்த பினாங்குப் பிறப்பினர் ஊ லியன் தே தருவது. 1910–11-இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோய் மூச்சின் வழியே தொற்றுவது என்று அவர் கண்டு, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை அணியச் செய்தார். அதை ஏற்காது நோயாளிகளைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாளில் அந்நோய்க்கே இரையானார். ஆக, காலுக்குச் செருப்பு, மூச்சுக்குக் கவசம், கைக்குச் சவர்க்காரம் என வழிக்கேற்பக் காவலும் வேறுபடும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல இரு செயல்களைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, ஒரு மாணவரின் உள்ளங்கையில் வண்ணக் கோலமாவைத் தடவி, வழக்கம்போல் அரைமணி நேரம் பழகவிடுக. பின்னர்க் கதவின் பிடி, எழுதுகோல், தோழரின் தோள், தம் மூக்கு என்று மாவு சென்ற இடங்களை வகுப்பினரே தேடிக் கண்டறியட்டும். காணாக் கிருமியின் வழி அப்போது கண்ணுக்குப் புலனாகும். கைகளில் ஒட்டிய எண்ணெய்ப்பசையையும் அதனோடு கிடக்கும் கிருமியையும் வெறும் நீர் முழுதாக நீக்காது. சவர்க்காரம் அப்பசையைப் பிரித்து நீரோடு கலக்கச் செய்கிறது. சிலவகைத் தீநுண்மிகளின் கொழுப்புறையையும் சிதைக்கிறது. விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் ஆகியவற்றை 20 வினாடியேனும் தேய்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மாணவர்களைப் பள்ளியின் குழாய்களை எண்ணச் செய்க. ஓய்வு நேரத்தில் ஒரு குழாய்க்கு எத்தனை பேர், ஒருவர்க்கு எத்தனை வினாடி, சவர்க்காரம் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறது என்பவற்றைக் கணக்கிடச் சொல்க. வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு 20 வினாடி கிடைக்கவில்லையாயின், அக்கணக்கைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் மாணவர்களே எடுத்துரைக்கட்டும்.

முதற்செயல் மாணவர்க்குத் தம் கடமையை உணர்த்தும். இரண்டாவது, தமக்கு உரியதைக் கேட்கக் கற்பிக்கும். லயத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்குக் கடமை மட்டுமே போதிக்கப்பட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியராகிய நம் பொறுப்பு.