பூவரசம்பூவும் வெறுமையான ஏழு மாவட்டங்களும்: செயற்றிட்டங்கள் எமக்குக் காட்டிய உலகம்

பாடசாலை வரலாறு எழுதுவோர் அதிபர்களின் பெயர்களையும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டுகளையும், பரீட்சைப் பெறுபேறுகளையும் நிரல்படுத்துவது வழக்கம். அவை இம்மலரின் ஏனைய பக்கங்களில் உரிய இடம் பெற்றுள்ளன. எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டு நிறைவைக் காணும் இவ்வேளையில், எவரும் அதிகம் எழுதாத ஒன்றைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். டிமை தாளிலும் பிரிஸ்டல் போட்டிலும் எழுதி, படம் ஒட்டி, நாடா கட்டி ஆசிரியையின் மேசையில் வைத்த செயற்றிட்டங்களே அவை. மருதானையின் ஒரு வீதியோரத்தில் படித்த எமக்கு உலகம் என்று ஒன்று இருப்பதை உணர்த்தியவை அவைதாம்.

மருதானைப் பிள்ளைகளுக்கு உலகம் தொலைவில் இருந்ததில்லை. வடக்குக்கும் மலையகத்துக்கும் கரையோரத்துக்கும் போகும் புகையிரதங்கள் எமது நிலையத்தைத் தொட்டே சென்றன. நடந்து போகும் தூரத்தில் பெரியாஸ்பத்திரியும், 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், சற்றே அப்பால் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இருந்தன. மாளிகாவத்தையிலிருந்தும் பஞ்சிகாவத்தையிலிருந்தும் நடந்து வருவோர், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பஸ்ஸில் வருவோர் என்று பல இடத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தோம். நோன்பும் தைப்பொங்கலும் நத்தாரும் ஒரே வகுப்பறைக்குள் வந்து போயின. இருந்தும், அயலில் இருப்பதைக் காண்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எப்படி வளர்ந்தது என்பதே எமது கேள்வி.

கொழும்பு மாணவியர் பாடநூலுக்கு வெளியே சென்று உலக விவகாரம் ஒன்றில் கைவைத்த கதையை 1930களிலிருந்து தொடங்கலாம். முதலாம் உலகப் போர் முடிந்த நாளை நினைவுகூர்ந்து ஒவ்வொரு நவம்பர் 11ஆந் திகதியும் இங்கு செந்நிறக் கசகசாப்பூ விற்கப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவின் முன்னாள் படைவீரருக்கே சென்றது. அதற்கு மாற்றாக எழுந்ததே சூரியமல் இயக்கம். சிங்களத்தில் சூரியமல் எனப்படுவது எமது வேலிகளில் பூக்கும் பூவரசம்பூதான். 1933இல் அவ்வியக்கத்தின் தலைமையை ஏற்ற டொரின் யங், ஆங்கிலேயப் பெண்மணி; கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபர். மஞ்சள் பூ விற்றுச் சேர்த்த பணத்தைத் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்புக்கு அவர்கள் செலவிட்டனர். யாருடைய துயரம் உலகத் துயரம், யாருடையது வெறும் உள்ளூர்ச் செய்தி என்ற கேள்வியை ஒரு பூ எழுப்பியது.

அடுத்த ஆண்டே அக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாகிற்று. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகுவதற்கு அதைவிட வாய்ப்பான இடம் இல்லை. வழக்கமாக ஆறு நிறைந்தோடும் பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு நோயெதிர்ப்பு இருக்கவில்லை; உணவும் போதவில்லை. கேகாலை, குருநாகல் பகுதிகளில் தொடங்கிய கொள்ளைநோய் 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. சூரியமல் தொண்டர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றார்கள். பூ விற்ற கைகளே கொய்னா கொடுத்தன. மழை, ஆறு, நுளம்பு, பசி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. பின்னாளில் எமது ஆசிரியைமார் 'சுற்றாடலும் சுகாதாரமும்' என்ற தலைப்பில் எம்மைத் தேட வைத்தது இதே பின்னலைத்தான்.

போருக்குப் பின் வந்த ஆண்டுகள் வேறு விதமானவை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் கட்ட வழியில்லாத வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் மேல்வகுப்புகளுக்கு வந்தார்கள். 1950இன் தொடக்கத்தில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் இங்கு கூடிப் பேசியதிலிருந்து கொழும்புத் திட்டம் உருவாயிற்று. 1955 டிசம்பர் 14இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. ஒக்டோபர் 24ஆந் திகதி பாடசாலைகளில் ஐக்கிய நாடுகள் தினமாயிற்று. சாரணியர் பெப்ரவரி 22ஆந் திகதியைச் சிந்தனை நாளாகக் கொண்டாடி, வேற்று நாட்டுச் சாரணியருக்காகக் காசு சேர்த்தார்கள். முத்திரை சேர்ப்பதும் பேனா நட்பும் அக்காலத்தவரின் செயற்றிட்டங்கள். அந்தச் சொல் மட்டும்தான் அப்போது புழக்கத்தில் இல்லை. ஒரு முத்திரையிலிருந்து ஒரு நாட்டின் பெயர், அதன் பணம், அதன் பறவை, அதன் அரசர் என்று எத்தனை செய்திகளை அவர்கள் உருவியெடுத்தார்கள் என்பதை எமது மூத்த சகோதரிகள் சொல்லக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள்.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றையும் புவியியலையும் சமூகக்கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் கொண்டுவந்தது. தொழில்முன்னிலைப் பாடங்களும் வந்தன. அயலில் உள்ள தொழில்களைப் போய்ப் பார், கேள், எழுது என்று பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அனுப்பிய பாடத்திட்டம் அது. அது பாண் வரிசைகளின் காலமும்கூட. அதே ஆண்டுகளில்தான் 1976 ஓகஸ்ட் 16 முதல் 19 வரை அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கொடிகள் கொழும்பில் பறந்தன. கொடிகளை வரைந்து நிறந்தீட்டிய பிள்ளைகள் உலகப் படத்தில் ஆபிரிக்காவை முதன்முறையாக நாடு நாடாகப் பார்த்தார்கள். பாணுக்கு ஏன் வரிசை என்பதற்கும், எண்ணெய் விலை எங்கோ ஏறியதற்கும் தொடர்புண்டு என்று ஒரு நல்ல சமூகக்கல்வி ஆசிரியை விளங்கவைக்க அதைவிடச் சிறந்த தருணம் இல்லை.

எம் தலைமுறைக்கு வருவோம். நாம் படித்தவை 1990கள். சோதனைச் சாவடிகளும் அடையாள அட்டைகளும் பாடசாலைப் பைகளைத் திறந்து காட்டுவதும் வழக்கமாயிருந்த காலம். உலகம் இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதென்று 1988இல் தீர்மானித்திருந்தது. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல் கண்டறியப்பட்டார். ஆனால் அண்டை நாட்டில் கிருமி இருக்கும்வரை இங்கும் ஆபத்து இருந்தது. ஆகவே 1995 முதல் தேசிய சொட்டு மருந்து நாட்கள் நடத்தப்பட்டன. குறித்த நாளில் நாட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும், முன்னர் மருந்து பெற்றிருந்தாலும், இரண்டு சொட்டு. எமது மூத்த மாணவியர் சிகிச்சை நிலையங்களில் பெயர் பதிந்தார்கள், தாய்மாரை வரிசைப்படுத்தினார்கள், அழும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டினார்கள். கீழ்வகுப்பிலிருந்த நாம் சுவரொட்டி எழுதினோம்.

அந்தச் செயற்றிட்டத்தின் முக்கியமான பாடம் எமது சுவரொட்டிகளில் இருக்கவில்லை. சொட்டு மருந்து வடக்கு கிழக்கிலும் கொடுக்கப்பட வேண்டியிருந்தது. அதற்காக அந்த நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய்வாக வைக்க இணங்கின. குளிர்ப்பெட்டிகள் முன்னரங்குகளைக் கடந்து போயின. பேச்சுவார்த்தைகள் முறிந்துபோன ஒரு நாட்டில், குழந்தையின் வாயில் விழும் இரண்டு சொட்டுக்காக ஒரு நாள் அமைதி சாத்தியமாயிற்று. ஜெனீவாவில் எடுத்த ஒரு தீர்மானம் முல்லைத்தீவில் ஒரு தாயின் மடிவரை எப்படி வந்து சேர்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எமக்குக் காட்டவில்லை. எம்மிற் சிலர் பின்னர் மருத்துவத்தைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் இளம்பிள்ளை வாதம் அற்றதெனச் சான்றளிக்கப்பட்ட செய்தி வந்தபோது, அந்தச் சுவரொட்டிகளை நினைத்துக்கொண்டோம்.

1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தங்களின் பின் செயற்றிட்டமும் பாடசாலை மட்டக் கணிப்பீடும் பாடசாலை வாழ்வின் பகுதியாயின. உயர்தரத்தில் தனியாள் செயற்றிட்டமும் குழுச் செயற்றிட்டமும் செய்தோம். எமது குழு ஒன்றுக்குக் கிடைத்த தலைப்பு 'இலங்கையின் குடித்தொகை'. உலக நாடுகளோடு ஒப்பிட வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. நோர்வேயின் சனத்தொகை கிடைத்தது, கென்யாவுடையது கிடைத்தது. சொந்த நாட்டில்தான் சிக்கல் வந்தது. 1981இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 148 இலட்சம் மக்கள். 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001 ஜூலை 17இல் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களில் எண்ணிக்கை முழுமை பெறவில்லை.

குழுவில் அந்த மாவட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் சேர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய எண்ணிக்கையை எடுத்து ஒரு வீதத்தால் பெருக்கி அட்டவணையை நிரப்பிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். எமது ஆசிரியை ஒப்பவில்லை. "தெரியாததை நிரப்பக் கூடாது பிள்ளைகள். எண்ணப்படவில்லை எண்டதையே எழுதுங்கோ. அதுவும் ஒரு தரவுதான்," என்றார். ஏழு மாவட்டங்களும் படத்தில் நிறந்தீட்டப்படாமல் வெள்ளையாகவே நின்றன. கண்காட்சி நாளில் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அந்த வெள்ளையைப் பற்றித்தான்.

அன்று அது எமக்கு ஒரு கணிப்பீட்டுப் புள்ளி. அதன் கனம் பின்னர்தான் விளங்கிற்று. அந்த ஆண்டுகளின் தேசிய சுகாதார ஆய்வுகளும் அப்படியே இருந்தன. 1987இலும் 1993இலும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் வடக்கு கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. இலங்கையின் குழந்தை இறப்பு வீதம் குறைவு, தாய்மார் நலம் சிறப்பு என்று உலகம் எம்மைப் பாராட்டிய நாட்களில், அந்தப் புகழின் கணக்குக்கு வெளியே பல இலட்சம் தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். எண்ணப்படாதவருக்குத் தடுப்பூசியும் மருத்துவிச்சியும் கட்டிலும் ஒதுக்கத் திட்டமிடுவது எவ்வளவு கடினம் என்பதை மருத்துவத் துறைக்குச் சென்ற எம்மவர் நேரிற் கண்டனர். 2012இல்தான், முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், நாடு முழுவதும் எண்ணப்பட்டது: 203 இலட்சத்துக்கு மேல். 1990இல் யாழ்ப்பாணம் போவதை நிறுத்திய யாழ்தேவி, 2014 ஒக்டோபரில் மீண்டும் அங்கு போய்ச் சேர்ந்தது. எமது படத்தின் வெள்ளை இடங்கள் மெல்ல மெல்ல நிறம் பெற்றன.

உலக அறிவு என்பது தூரத்து நாடுகளின் தலைநகரங்களை ஒப்புவிப்பது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. எமது செயற்றிட்டங்களின் வரலாறு சொல்வது வேறு. அயலில் உள்ளதை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினால் அது தானாகவே உலகத்துக்கு இட்டுச் செல்கிறது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளின் பின்னால் கிடக்கும் பழைய ரயர்களில் தேங்கும் நீரைப் பிள்ளைகள் இப்போது தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ரயருக்குள் வளரும் நுளம்பு பிரேசிலிலும் சிங்கப்பூரிலும் வளர்வதும் அதே நுளம்புதான். 1934இல் ஆற்றுக் குட்டையில் பார்த்ததை இன்று ரயரில் பார்க்கிறோம்.

நம்பிக்கைக்கும் ஆதாரம் உண்டு. 80,000 பேரைக் கொன்ற அதே மலேரியா 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே என்றளவுக்குக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று விழிப்பைத் தளர்த்தியதும், 1960களின் இறுதியில் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. மறுபடியும் பொறுமையாகப் போராடியதன் பயனாக, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. எண்ணுவதை நிறுத்தினால் நோய் திரும்பும். இந்த ஒரு வரி போதும், ஒரு முழுச் செயற்றிட்டத்துக்கு.

இன்று எம்மவர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் டோஹாவிலும், மட்டக்களப்பிலும் மருதானையிலும் இருக்கிறோம். ஒரு காலத்தில் உலகப் படத்தில் நாம் தேடிய ஊர்களே எமது முகவரிகளாகிவிட்டன. ஆகவே சங்கத்தின் நூற்றாண்டில் சகோதரிகளிடம் எமது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, பழைய அலுமாரியிலோ தாய்வீட்டு மேல்தட்டிலோ உங்கள் செயற்றிட்டக் கோவை ஒன்று கிடந்தால், எறிந்துவிடாமல் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்; செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது, இன்று படிக்கும் ஒரு பிள்ளையின் செயற்றிட்டத்துக்கு நீங்கள் வாழும் ஊரிலிருந்து விடை எழுதுங்கள். அங்கு எந்த நோய் இருக்கிறது, யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படவில்லை என்று அவள் கேட்பாள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை வெள்ளையாகவே விடச் சொல்லுங்கள். எமது ஆசிரியை எமக்குக் கற்பித்தது அது.

எம்மை ஆளாக்கிய கல்லூரி மேலும் பல்லாண்டு சிறக்கவும், அதன் பிள்ளைகள் உலகை எண்ணிப் பார்க்கக் கற்கவும் வாழ்த்துகிறோம்.