உறையாத இரத்தம்

கோலியனூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், நாட்காட்டிக்கு அருகே, ஓர் ஆணியில் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று தொங்குகிறது. அதில் தேதிகளும் எண்களும் மட்டுமே உள்ளன: 2.1, 2.6, 1.9, 2.4. நான் யாருக்கோ இட்ட மதிப்பெண்கள் அவை என்று என் பேரன் நெடுநாள் எண்ணியிருந்தான். வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்தியவன் வீட்டில் அவ்வாறு எண்ணுவது இயல்பே. உண்மையில் அவை என் இரத்தம் பெற்ற மதிப்பெண்கள்.

என் இதயம் சீராகத் துடிப்பதில்லை. தாளம் தப்பிய இதயத்தின் ஒரு மூலையில் இரத்தம் தேங்கும். தேங்கிய இரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்கு ஓடிவிட்டால் பக்கவாதம் உண்டாகும். அதைத் தடுக்க நான் இரவுதோறும் வார்ஃபரின் என்ற மாத்திரையை உண்கிறேன். மருந்து உண்ணாதவர் இரத்தத்தின் எண் ஏறக்குறைய 1. என்னுடையது 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் உறைதல் அச்சம்; மிகுந்தால் கசிதல் அச்சம். இவ்விரண்டு அச்சங்களுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடப்பவன் நான்.

சென்ற ஆண்டு எனக்குக் குடலிறக்கத்திற்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அப்பொழுதுதான் ஒரு கேள்வி முன்னே வந்து நின்றது. மாத்திரையை உண்டுகொண்டே கத்திக்குக் கீழே படுத்தால் இரத்தம் நில்லாது. நிறுத்திவிட்டுப் படுத்தாலோ, இரத்தம் தேங்கும் அந்த மூலைக்குக் காவல் இல்லை. எப்பொழுது நிறுத்துவது? எப்பொழுது மீண்டும் தொடங்குவது?

மாணவர்களே, இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்திற்குப் புதிதன்று. என் தமையனார் உழவர். இளமையில் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு, அதனால் அவருடைய இதய வால்வு சுருங்கிப் போயிருந்தது. அவரும் இதே மாத்திரையைத்தான் உண்டுவந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்தபோது, மாத்திரையை நிறுத்தாவிட்டால் இரத்தம் கொட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தாமே நிறுத்தினார். பல்லும் பிடுங்கியாயிற்று. மீண்டும் எப்பொழுது தொடங்குவது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நிறுத்திய பதினெட்டாம் நாள் காலை, மாட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அதன்பின் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆகவே புதுவையில் என்னைப் பார்த்த டாக்டர், "ஐந்து நாள் முன்பாக நிறுத்துங்கள் ஐயா, நடுவில் ஊசி எதுவும் வேண்டாம்" என்று சொன்னபோது நான் உடனே தலையாட்டவில்லை. ஐந்து நாள் என்று யார் கணக்கிட்டார்? முன்பெல்லாம் இடையில் ஊசி போடுவார்களே, இப்பொழுது ஏன் வேண்டாம்? நான் மருத்துவன் அல்லேன், வரலாறு கற்பித்தவன். வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு விதியைச் சொன்னால் போதாது. அது பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். அதையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இரத்தம் உறையாமல் செய்யும் வித்தையை மனிதனுக்கு முன்பே கற்றிருந்தது நம் வயற்காட்டு அட்டை. நடவு வயலில் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தெறிந்த பின்னும் இரத்தம் வழிந்துகொண்டே இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் என்ற ஆங்கில நாட்டுப் பேராசிரியர், அட்டையிடம் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். ஆனால் மருத்துவமனைகளில் நிலைத்த மருந்து வேறிடத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெல், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள் ஒன்றைப் பற்றி ஆராயுமாறு அவரைப் பணித்தார். 1916-இல் அம்மாணவர் கண்டது நேர்மாறானது. ஈரலிலிருந்து எடுத்து நாட்பட்ட சாறு, உறைதலைத் தூண்டாமல் தடுத்தது. ஆசிரியர் நம்பவில்லை. மக்லீன் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, அவர் வாதாடவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் பூனையின் இரத்தத்தை ஊற்றி, அச்சாற்றைக் கலந்து, ஆசிரியரின் மேசைமேல் வைத்து, இது உறையும்போது எனக்குச் சொல்லுங்கள் என்றாராம். அது உறையவே இல்லை. மாணவன் ஆசிரியரை மறுப்பதற்கு இதனினும் பணிவான வழியை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. இன்று நாம் பயன்படுத்தும் பொருளும் மக்லீன் கண்ட பொருளும் ஒன்றே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் வழி அங்கேதான் திறந்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹெப்பாரின்' என்ற பெயரை 1918-இல் ஹோவெல் சூட்டினார்.

இன்சுலின் வரலாற்றில் நீங்கள் படித்திருக்கும் சார்லஸ் பெஸ்ட், கனடா நாட்டு டொரொன்டோவில் 1930-களில் ஹெப்பாரினைத் தூய்மைப்படுத்தும் பணியை முன்னின்று நடத்தினார். அதே நகரத்து அறுவை மருத்துவர் கார்டன் மரே அதை நோயாளிகளுக்கு அளித்தார். அக்காலத்தில் அறுவை நன்றாக முடிந்து, புண் ஆறி, வீடு திரும்ப எழுந்த நோயாளி திடீரென மாண்டுபோவதுண்டு. படுத்த படுக்கையில் காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஓடிப் போவதே காரணம். கத்திக்குப் பின்னால் வரும் இந்த மரணத்தைத் தடுக்கவே ஹெப்பாரின் முதலில் வேண்டப்பட்டது. பின்னர், இதயத்தை நிறுத்தி வைத்து, உடலின் இரத்தத்தைக் குழாய் வழியே இயந்திரத்தில் ஓடவிடும் துணிவும் இம்மருந்தால்தான் வந்தது. குழாயில் இரத்தம் உறைந்தால் எல்லாம் முடிந்தது அல்லவா? 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் அதைச் செய்து வென்றார். 1960-களின் தொடக்கத்திலேயே நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் குழுவினர் திறந்த இதய அறுவையைச் செய்து காட்டினர். கோலியனூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஊர் அது.

ஹெப்பாரின் ஊசிமருந்து, செலுத்தியவுடன் வேலை செய்யும். நான் உண்ணும் வார்ஃபரின் வந்த வழியோ மாட்டுத் தொழுவத்தின் வழி.

1920-களில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் மாடுகள் காரணமின்றி இரத்தம் கசிந்து இறந்தன. நோய் முதலில் வெளிப்பட்டது பெரும்பாலும் கத்திபட்ட இடத்தில்தான். கொம்பு அறுத்தல், காளைக்கு விதையடித்தல் போன்ற சிறு செயல்களே மாட்டைக் கொன்றன. கனடா நாட்டுக் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியின் உலர்புல் ஈரம்பட்டுப் பூஞ்சணம் பிடிப்பதே இதற்குக் காரணம் என்று கண்டு, 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். மழை நனைத்த வைக்கோற்போரைப் பிரித்து உலர்த்தும் நம் உழவர்களுக்கு இச்செய்தியை விளக்கவேண்டியதில்லை.

1933 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநிலத்து உழவர் எட் கார்ல்சன், பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் வண்டி ஓட்டி மாடிசன் நகருக்கு வந்தார். விழுப்புரத்திலிருந்து மதுரைக்கு உள்ள தொலைவு அது. வண்டியில் இறந்த கிடாரி ஒன்று. ஒரு பாற்கேன் நிறைய உறையாத இரத்தம். கெட்டுப்போன புல்லும் ஒரு சுமை. அவர் தேடி வந்த கால்நடை அதிகாரியின் அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த கதவு, வேதியியற் பேராசிரியர் கார்ல் பால் லிங்க் என்பாரின் ஆய்வுக்கூடத்தினுடையது. அந்தப் புல்லைக் கொடுக்காதே, இயன்றால் நல்ல மாட்டின் இரத்தத்தை ஏற்றிப்பார் என்பதற்கு மேல் அன்று அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உழவர் வெறுங்கையோடு அதே புயலில் திரும்பினார். என் தமையனாரை நினைத்தால், அந்த உழவரின் நினைவும் கூடவே எனக்கு வருகிறது.

லிங்க் விடவில்லை. ஆறு ஆண்டுகள் உழைத்து, 1939-இல் அவர் மாணவர் ஹாரோல்டு கேம்பெல் அந்நச்சுப்பொருளைப் படிகமாகப் பிரித்தார். அதை ஒட்டிச் செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று 1948-இல் எலிப் பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் தந்த விஸ்கான்சின் அறநிறுவனத்தின் பெயரெழுத்துகளைக் கொண்டு 'வார்ஃபரின்' எனப் பெயரிட்டார்கள். மனிதருக்கு இதைக் கொடுக்க எவரும் துணியவில்லை. 1951-இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள இந்த எலிமருந்தை நிறைய உண்டும், வைட்டமின் கே கொடுத்ததால் பிழைத்தார். நஞ்சுக்கு மாற்று உண்டு என்பது விளங்கியது. 1954-இல் அது மனித மருந்தாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டே மாரடைப்புற்ற குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு அளித்தார்கள்.

ஐந்து நாள் கணக்கு இப்பொழுது விளங்கும். இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களுள் நான்கை ஈரல் ஆக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினை வேலை செய்யவிடாது. மாத்திரையை நிறுத்தினாலும் ஈரல் அப்புரதங்களைப் புதிதாக ஆக்கி நிரப்ப ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். மீண்டும் தொடங்கினாலும் அப்படியே: பழைய புரதங்கள் தீர்ந்து மருந்து முழு வலிமை பெற ஐந்து நாளோ, இன்னும் சில நாளோ செல்லும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் உண்டு, மறுவாரம் தொடாமல் இருந்தால் என் எண் ஏறி இறங்குவதும் இந்த வைட்டமினால்தான். அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் ஓர் ஆய்வகத்தின் கணக்கு மற்றோர் ஆய்வகத்தின் கணக்கோடு ஒவ்வாது. 1983-இல் உலக சுகாதார நிறுவனம் எங்கும் செல்லும் ஒரே அளவுகோலை ஏற்றது. அதன் பின்னரே, விழுப்புரத்தில் எடுத்த எண்ணைப் புதுவை டாக்டர் நம்ப முடிந்தது.

ஆனால் மாத்திரையின் காவல் இல்லாத அந்தச் சில நாட்கள்? அதற்கு மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். மாத்திரை நின்ற இடைவெளியில், உடனே வேலை செய்து உடனே அடங்கும் ஹெப்பாரின் வகை ஊசியைப் போட்டு இரு கரைகளையும் இணைப்பது. அதற்குப் பாலம் என்றே பெயரிட்டனர். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பல்லாண்டுகள் உலகெங்கும் செய்தார்கள். நியாயமாகத் தோன்றியதால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் தோன்றவில்லை.

எண்ணியவர்கள் 2015-இல் விடை சொன்னார்கள். என்னைப் போல் இதயத் தாளம் தப்பி வார்ஃபரின் உண்பவர் 1,884 பேர். ஒரு சாராருக்கு மெய்யான ஊசி. மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரத்தம் உறைந்து தீங்குற்றவர், பாலம் போட்டவரில் நூற்றுக்கு 0.3, போடாதவரில் 0.4. வேற்றுமை இல்லையென்றே சொல்லலாம். பெரிய அளவில் இரத்தம் இழந்தவரோ, போட்டவரில் 3.2, போடாதவரில் 1.3. பாலம் காக்கவில்லை, கசியச் செய்தது. உலோக வால்வு பொருத்தியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஊசி வேண்டுமா என்பதை இன்றும் மருத்துவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவு செய்கிறார். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதல் பொருத்திய சித்ரா வால்வைத் தாங்கியிருப்போரும் இவ்வகையினரே.

என் தமையனாரின் செய்தி வேறு. ஒன்றிரண்டு பற்களைப் பிடுங்குவதற்கு, எண் வரம்புக்குள் இருந்தால், இம்மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை. பஞ்சை அழுத்தியும் தையலிட்டும் இரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். அவர் அஞ்சிய பேரிழப்பு வந்திருக்க வாய்ப்பில்லை, அஞ்சாததே வந்தது. எண் பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்துள்ளன. அவற்றை அறுவைக்கு ஓரிரு நாள் முன் நிறுத்தினாலே பெரும்பாலும் போதும். ஆனால் அவருக்கு இருந்தது போன்ற, மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட இதயத்திற்கு அவை ஏற்கவில்லை. நம் நாடும் உட்பட 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், புதிய மாத்திரை ஒன்றைவிடப் பழைய வகை மாத்திரையே உயிர்களைக் காத்தது. பணக்கார நாடுகளில் அருகிப்போன நோய் அது. நம் ஊர்களில் இன்னும் உண்டு.

இவ்வளவும் படித்த பிறகு டாக்டரிடம் சென்று சரி என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். ஐந்து நாள் மாத்திரை இல்லை. ஒவ்வோர் இரவும் நோட்டுப் புத்தகத்தில் தேதிக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்தேன். ஐந்தாம் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறுவை நாட்காலையில் எண் 1.3. காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டு சென்றார்கள், உச்சிப்பொழுதில் விழித்தேன்.

மறுநாள் இரவு டாக்டர் வந்து கட்டைப் பார்த்தார். கசிவு இல்லை. தொடங்கலாம் என்றார். கையில் வாங்கிய மாத்திரையை உடனே விழுங்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டுப் புத்தகத்தை வாங்கித் தேதியை எழுதினேன். ஏழாம் நாள் 1.7. பன்னிரண்டாம் நாள் 2.2.